வில்டன் லிட்டில்சைல்ட்: ஒரு க்ரீ மூத்தவரின் வாழ்வை மாணவர்களுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?

கேள்வி: நெடுவழி (எட்மன்டன்)

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் 30ஆம் நாள் கனடாவில், உறைவிடப் பள்ளிகளில் துன்புற்ற பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூரும் வகையில், உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டி, எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பில் பதின்ம வயது மாணவர்களுக்கு, கனடாவின் பூர்வகுடிகளுள் ஒருவரான க்ரீ மக்களின் மூத்தவர் ஒருவரது வாழ்க்கையை அறிமுகப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நாங்கள் வாழும் எட்மன்டன், பூர்வகுடிகள் பிரித்தானிய முடியோடு செய்துகொண்ட ஆறாம் உடன்படிக்கைக்கு உட்பட்ட நிலம். நகருக்குத் தெற்கே, காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில் மஸ்குவாச்சீஸ் இருக்கிறது. அதனால் அவ்வூரைச் சேர்ந்த வில்டன் லிட்டில்சைல்டைத் தேர்ந்தெடுத்தேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, அவரைப் பற்றிக் கிடைக்கும் அறிமுகக் குறிப்புகள் எல்லாம் வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர், விளையாட்டு வீரர், ஆணையர் எனப் பதவிகளை அடுக்கிச் சொல்கின்றனவே தவிர, இவற்றில் எது அவரை அவருடைய மக்களிடையே மூத்தவராக ஆக்கியது என்பதைச் சொல்லவில்லை. இரண்டாவது, 2022 ஜூலை 25 அன்று மஸ்குவாச்சீஸுக்கு வந்த போப் பிரான்சிஸின் தலையில் இறகுத் தலையணியை அணிவித்தவர் இவர்தான். திருச்சபை நடத்திய உறைவிடப் பள்ளியில் 14 ஆண்டுகள் துன்பப்பட்ட ஒருவர் அப்படிச் செய்தது ஏன் என்று மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள். அவர்களுக்கு நேர்மையான விடை சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பதில் 1: ஆற்றங்கரை

நல்ல தேர்வு. பதவிகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அவரை யார் அனுப்பினார்கள், யாருக்காகப் போனார் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அவர் வாழ்க்கை அப்போதுதான் ஒரே கதையாகத் தெரியும்.

லிட்டில்சைல்ட் 1944 ஏப்ரல் 1 அன்று பிறந்தார். அப்போது ஹோபீமா என்று அழைக்கப்பட்ட ஊர்தான் 2014இல் மஸ்குவாச்சீஸ் என்னும் தன் க்ரீ பெயரை மீட்டுக்கொண்டது. அவரை வளர்த்தவர்கள் தாத்தாவும் பாட்டியும். 1951இல் எர்மின்ஸ்கின் உறைவிடப் பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அரசின் பணத்தில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய அந்தப் பள்ளி வேறெங்கோ தொலைவில் இருக்கவில்லை. பூர்வகுடிகளுக்கென அரசு ஒதுக்கிய அவர்களுடைய ஒதுக்கு நிலத்திலேயே இருந்தது. சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு வீட்டாரைப் பிரிந்து, சொந்த மொழியைப் பேசினால் தண்டனை என்ற நிலையில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அங்கே அவருக்கு இருந்தது பெயரன்று, 65 என்ற எண். பெயரே இல்லாமல் அந்த எண்ணைச் சொல்லித்தான் தன்னை அழைத்தார்கள் என்பதை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இதை மாணவர்களிடம் சொல்லிவிட்டுச் சற்று நேரம் நிறுத்துங்கள்; வேறு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

அந்த ஆண்டுகளில் அவரைத் தாங்கியது விளையாட்டு. குறிப்பாக ஐஸ் ஹாக்கி. விளையாட்டே தன்னைக் காப்பாற்றியது என்று அவர் சொல்வதை வெறும் உபசார வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிற்காலத்தில் அவர் கட்டியெழுப்பிய பலவற்றுக்கும் வேர் அதுதான். அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1967இல் உடற்கல்விப் பட்டமும், 1975இல் அதே துறையில் முதுகலையும், 1976இல் சட்டப் பட்டமும் பெற்றார். முடியோடு உடன்படிக்கை செய்துகொண்ட பூர்வகுடிகளைச் சேர்ந்த ஒருவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. ஊர் மக்கள் அவரைக் கௌரவத் தலைவராக ஏற்றுச் சிறப்பித்தார்கள். அவர் தன் சட்ட அலுவலகத்தையும் ஒதுக்கு நிலத்திலேயே வைத்துக்கொண்டார்.

உங்கள் முதல் ஐயத்துக்கான விடை 1977இல் இருக்கிறது என்பது என் கருத்து. 1876இல் பிரித்தானிய முடியோடு செய்துகொண்ட ஆறாம் உடன்படிக்கையில் மஸ்குவாச்சீஸ் மக்கள் 1877இல் இணைந்தார்கள். அவர்களுடைய பார்வையில் அது இரண்டு நாடுகள் சமநிலையில் நின்று செய்த ஒப்பந்தம். கனடா அரசு நினைத்தபோது நினைத்தபடி திருத்திக்கொள்ளக்கூடிய உள்நாட்டு ஆவணம் இல்லை. சொன்ன சொல்லை அரசு காக்கவில்லை என்பதால், நாடுகளுக்கு இடையிலான சபையிலேயே முறையிட வேண்டும் என்று ஊர் மூத்தவர்கள் முடிவு செய்தார்கள். ஜெனிவாவில் 1977இல் நடந்த பூர்வகுடிகள் மாநாட்டுக்குச் சென்றவர்களில் இந்த இளம் வழக்கறிஞரும் ஒருவர். அன்று தொடங்கிய வேலை முப்பது ஆண்டுகள் நீண்டது. பூர்வகுடி மக்களின் உரிமைகள் குறித்த ஐ.நா. பிரகடனம் 2007 செப்டம்பர் 13 அன்று நிறைவேறியபோது 144 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நான்கில் கனடாவும் ஒன்று. அந்தப் பிரகடனத்தின் 37ஆவது பிரிவு, பூர்வகுடி மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் மதிக்கப்படவும் நடைமுறைப்படுத்தப்படவும் வேண்டும் என்கிறது. மூத்தவர்கள் எதைக் கேட்டு அனுப்பினார்களோ, அது எழுத்தில் வந்துவிட்டது. எதிர்த்து வாக்களித்த அதே கனடா 2021இல் பிரகடனத்தை நடைமுறைப்படுத்துவதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

31ஆவது பிரிவையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். மரபறிவு, வாய்மொழி இலக்கியம் ஆகியவற்றோடு விளையாட்டுகளும் மரபு ஆட்டங்களும் அங்கே பண்பாட்டு உரிமையாகக் குறிப்பிடப்படுகின்றன. உறைவிடப் பள்ளியின் பனித்தளத்தில் தன்னைக் காத்துக்கொண்ட சிறுவனின் வாழ்க்கையை அறிந்தபின் அந்தச் சொற்களைப் படித்தால் அவற்றின் கனம் விளங்கும். பூர்வகுடிகளுக்கான உலக விளையாட்டுப் போட்டி ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தை அவர் 1977இலேயே முன்வைத்தார். வட அமெரிக்கப் பூர்வகுடி விளையாட்டுகள் 1990இல் எட்மன்டனில் தொடங்கின. உலக அளவிலான முதல் போட்டி 2015இல் பிரேசிலின் பல்மாஸ் நகரில் நடந்தது. முன்வைத்ததற்கும் நடந்ததற்கும் இடையில் 38 ஆண்டுகள். இந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நாடாளுமன்ற வாழ்க்கை 1988 முதல் 1993 வரை. அதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

பதில் 2: பனிமுகில்

ஆற்றங்கரை அவர்கள் எழுதியதில் ஒரு சிறு சேர்க்கை. லிட்டில்சைல்டைப் பல இடங்களில் முதல் பூர்வகுடி நாடாளுமன்ற உறுப்பினர் என்று எழுதிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒக்கனாகன் மக்களைச் சேர்ந்த லென் மார்ச்சண்ட் 1968இலேயே மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். ஆறாம் உடன்படிக்கை போன்ற எண்ணிடப்பட்ட உடன்படிக்கைகளுக்கு உட்பட்ட மக்களிலிருந்து முதலில் சென்றவர் லிட்டில்சைல்ட் என்று சொல்வதே சரி.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தலையணி அணிவித்ததை மாணவர்களுக்கு ஒரு மன்னிப்புக் காட்சியாகச் சித்திரித்துவிடாதீர்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அன்று நடந்தவற்றை வரிசையாகச் சொல்லுங்கள். போப் முதலில் சக்கர நாற்காலியில் எர்மின்ஸ்கின் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று மௌனமாக வேண்டினார். உறைவிடப் பள்ளிகளிலிருந்து வீடு திரும்பாத 4,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்கள் எழுதிய நீண்ட சிவப்புத் துணியை மக்கள் ஏந்திவந்தார்கள். அதை அவர் முத்தமிட்டார். மன்னிப்புக் கேட்டு உரையாற்றினார். அதன் பிறகே தலையணி அணிவிக்கப்பட்டது. சிலர் கைதட்டினார்கள். அதே கூட்டத்தில், மரபுடை அணிந்த ஒரு க்ரீ பெண் எழுந்து நின்று, கன்னங்களில் கண்ணீர் வழிய, கனடா தேசிய கீதத்தின் மெட்டில் க்ரீ மொழியில் பாடினார். அது நிகழ்ச்சி நிரலில் இல்லாதது. பார்த்தவர்கள் பலர் அதை வாழ்த்துப் பாடல் என்று எண்ணிக்கொண்டார்கள். அவர் பாடியது எதிர்ப்பைத் தெரிவிக்கவே.

க்ரீ உள்ளிட்ட சமவெளிப் பூர்வகுடி மக்களிடையே தலையணி என்பது நீண்ட கால நற்செயல்களால் ஈட்டப்படுவது. அதை, வந்து மன்னிப்புக் கேட்ட உடனேயே கொடுப்பதா என்று பள்ளிகளில் வதைபட்ட பலரும், அவர்களுடைய பிள்ளைகளும் மனம் நொந்து கேட்டார்கள். உறைவிடப் பள்ளிகளை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தில் லிட்டில்சைல்டோடு பணியாற்றிய தலைவர் மரே சின்கிளேரே மறுநாள் விடுத்த அறிக்கையில், தனிமனிதர்களின் தவறுகளைப் பேசிய போப் திருச்சபை என்ற நிறுவனத்தின் முழுப் பங்கை ஏற்கவில்லை என்று குறை கூறினார். ஒரே ஆணையத்தில் ஆறு ஆண்டுகள் ஒன்றாக அமர்ந்து ஆயிரக்கணக்கானோரின் சாட்சியங்களைக் கேட்ட இருவரும் அந்த ஒரு நாளை எதிர்கொண்ட விதம் வேறு வேறு. மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூர்வகுடி மக்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பதே நாம் அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு.

பதில் 3: ஆற்றங்கரை

பனிமுகில் சொன்னதை ஏற்கிறேன். எதிர்ப்புக் குரல் இல்லாமல் அந்த நாளைச் சொல்லக் கூடாது. ஆனாலும் லிட்டில்சைல்டின் தரப்பையும் சரியாக எடுத்துரைக்க வேண்டும். ஆணையம் 2015இல் வெளியிட்ட 94 அறைகூவல்களில் 58ஆவது, போப் கனடாவுக்கே வந்து, பள்ளிகளில் துன்புற்றவர்களிடமும் அவர்களுடைய குடும்பத்தாரிடமும் சமூகத்தாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. கனடாவில் கேட்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. ஓர் ஆண்டுக்குள் என்று வரம்பு குறித்திருந்தும் ஏழு ஆண்டுகள் ஆயின. 2022 மார்ச் இறுதியில் ரோமுக்குச் சென்ற முதற்குடிகளின் (க்ரீ போன்ற பூர்வகுடிகளின்) தூதுக்குழுவில் அப்போது 77 வயதான லிட்டில்சைல்டும் இருந்தார். நேரில் சென்று அழைத்தவர், வந்தவரைத் தன் ஊர் மரபுப்படி வரவேற்றார் என்பதே என் புரிதல். இன்னொன்றும் தோன்றுகிறது: மரியாதையைப் பெற்றுக்கொள்பவர் ஒரு கடமையையும் ஏற்றுக்கொள்கிறார். பிற நிலங்களைக் கைப்பற்ற ஐரோப்பியர் சான்றாகக் காட்டிய ‘கண்டுபிடிப்புக் கோட்பாட்டை’ வத்திக்கான் 2023 மார்ச் 30 அன்று மறுத்து அறிக்கை வெளியிட்டது. தலையணிக்கும் அந்த அறிக்கைக்கும் நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் பூர்வகுடி மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த அந்தக் கோரிக்கை போப்பின் கனடாப் பயணத்தின்போது பதாகையிலேயே எழுதப்பட்டிருந்தது.

பதில் 4: கருங்காலி

லிட்டில்சைல்டைத் தனியே எடுத்துச் சொன்னால், மூத்தவர் என்றால் உலக மேடைகளுக்குச் செல்பவர் என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடலாம். லிட்டில்சைல்டைப் போலவே மஸ்குவாச்சீஸின் எர்மின்ஸ்கின் முதற்குடியைச் சேர்ந்த இன்னொரு தலைவரான ராபர்ட் ஸ்மால்பாயைப் பற்றியும் ஒரு பத்து நிமிடம் பேசுங்கள். அவர் 1898இல் பிறந்தவர். 1959இல் தலைவரானார். ஒதுக்கு நிலத்தில் குடி பரவுவதையும், இளையோர் மனம் உடைந்து அழிவதையும், பிள்ளைகள் மொழியை இழப்பதையும் கண்டார். நிலம் போதவில்லை என்று அரசிடம் கேட்டுப் பார்த்தார், பயனில்லை. 1968இல், ஏறக்குறைய எழுபது வயதில், நூற்றுக்கும் மேற்பட்ட மக்களோடு ஊரைவிட்டுப் புறப்பட்டு, மேற்கே ராக்கி மலை அடிவாரத்தில் உள்ள கூட்டனே சமவெளியில் கூடாரம் அடித்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தங்கள் மூதாதையர் வேட்டையாடிய நிலம் அது, உடன்படிக்கையில் அதை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பதே அவர்களுடைய நிலைப்பாடு.

அல்பெர்ட்டாவின் குளிர்காலத்தைத் துணிக்கூடாரத்தில் கழிப்பது எப்படிப்பட்டது என்பது எட்மன்டன் மாணவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விறகு வெட்டி, வேட்டையாடி, க்ரீ மொழியில் பேசி, சடங்குகளைச் செய்து வாழ்ந்தார்கள். பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளி நடத்தினார்கள். சமவெளி மக்களின் பெருஞ்சடங்குகளை 1951 வரை கனடாவில் பூர்வகுடிகளுக்கென இயற்றப்பட்ட ‘இந்தியன் ஆக்ட்’ என்ற சட்டம் தடை செய்திருந்தது என்பதை நினைவில் கொண்டால், 1968இல் மலையடிவாரத்தில் அவற்றை மறைவில்லாமல் செய்ததன் பொருள் விளங்கும். தடை நீங்கிப் பதினேழே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மூத்தவர்கள் தடைக் காலம் முழுவதும் மறைவாகக் காத்துவைத்திருந்ததால்தான் அவற்றைத் திரும்பச் செய்ய முடிந்தது. பிறகு முகாமில் பிளவுகள் வந்தன. பலர் ஊர் திரும்பினார்கள். ஒரு பகுதியினர் மஸ்கிகி ஏரிக்கரைக்குச் சென்றார்கள். ஸ்மால்பாய்க்கு 1979இல் கனடாவின் உயர் விருதான ஆர்டர் ஆப் கனடா வழங்கப்பட்டது. 1984இல் காலமானார்.

ஒருவர் ஊரின் வழக்கை உலக சபைக்கு எடுத்துச் சென்றார். மற்றவர் ஊரையே எழுப்பி மலைக்கு அழைத்துச் சென்றார். இருவரும் பேசியது அந்த 1876ஆம் ஆண்டு உடன்படிக்கையைத்தான்.

நெடுவழி (கேட்டவர்)

உங்கள் அனைவருக்கும் நன்றி. பாடத்தை இப்போது 65 என்ற எண்ணிலிருந்து தொடங்கி, 1977ஐ நடுவில் வைத்து, 2022 ஜூலை நிகழ்வை இரு தரப்புக் கருத்துகளோடும் முடிப்பதாக இருக்கிறேன். ஸ்மால்பாயையும் சேர்த்துக்கொள்கிறேன். இன்னும் ஒன்று கேட்கலாமா? வகுப்புக்கு ஒரு க்ரீ மூத்தவரையே அழைத்துப் பேசச் சொன்னால் என்ன என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். பிழையில்லாமல் அழைக்கும் முறை யாருக்காவது தெரியுமா?

பதில் 5: மருதம்

தம்பி, நான் அல்பெர்ட்டாவின் ஒரு பொதுப் பள்ளியில் நெடுங்காலம் உதவி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூத்தவர்கள் வந்து பேசிய பல நாள்களில் ஏற்பாடுகளைக் கவனித்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், அவர்களிடையே மூத்தவர் என்ற நிலை வயதால் மட்டும் வருவதில்லை. விண்ணப்பித்துப் பெறும் பதவியும் இல்லை. ஒருவரிடம் மக்கள் ஆலோசனை கேட்டுச் செல்லச் செல்ல, அவர் சொன்ன சொல் நிலைத்து நிற்க நிற்க, சமூகமே அவரை அப்படி அழைக்கத் தொடங்குகிறது. பிள்ளைகள் அவர்களை மோசும், கோக்கம் என்று, அதாவது தாத்தா, பாட்டி என்றே அழைப்பார்கள். ஆகவே நீங்களாக ஒருவரைத் தேடிப்பிடிக்காமல், உங்கள் பள்ளி வாரியத்தின் பூர்வகுடிக் கல்விப் பிரிவையோ, நகரிலுள்ள பூர்வகுடிகளுக்கான நட்பு மையத்தையோ கேளுங்கள். யாரை, எதற்காக அழைக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள். ஒரு மூத்தவர் கதை சொல்வதில் தேர்ந்தவராக இருப்பார். இன்னொருவர் சடங்கு அறிந்தவராக இருப்பார். எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்கக் கூடாது.

கேட்கப் போகும்போது புகையிலை கொண்டுபோக வேண்டும். க்ரீ மரபில் ஒருவரிடம் அறிவையோ வேண்டுதலையோ கேட்கும் முன் அதை வைத்துத்தான் கேட்பார்கள். சிலர் அதனோடு துணியும் வைப்பார்கள். எந்த நிறம், எவ்வளவு என்பதை அழைத்துப் பேசும்போது முன்னரே கேட்டுக்கொள்ளலாம். கேட்பதால் யாரும் தவறாக நினைப்பதில்லை. புகையிலையை நீட்டி, எதற்காக அழைக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் அதைக் கையில் வாங்கினால் ஒப்புக்கொண்டார் என்று பொருள். வாங்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

அன்பளிப்புத் தொகையை உறையிலிட்டு அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். படிவம் நிரப்பி ஆறு வாரம் காத்திருக்கச் சொல்லும் பழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. எழுபது எண்பது வயதானவர்களை அப்படி அலைக்கழிப்பதைக் கண்டு எனக்குப் பலமுறை மனம் பொறுக்கவில்லை. வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிட ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். சாய்மானம் உள்ள நாற்காலி போடுங்கள். உணவு இருந்தால் முதல் தட்டை அவருக்கு எடுத்துச் சென்று கொடுங்கள். நறும்புல் அல்லது சேஜ் இலையைக் கொளுத்திப் புகையிட்டுத் தொடங்க அவர் விரும்பலாம். கட்டடத்தில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும், ஆதலால் பொறுப்பாளரிடம் முன்னாளே சொல்லிவையுங்கள். ஒலிப்பதிவோ படமோ எடுக்க வேண்டுமானால் அவரிடம் கேட்டு, சரி என்றால் மட்டும் எடுங்கள்.

பேச்சுக்கு நேரம் வகுக்காதீர்கள். அவர் கேள்விக்கு நேராக விடை சொல்லாமல் ஒரு கதையைத் தொடங்கினால், குறுக்கிடாமல் இருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். உறைவிடப் பள்ளியைப் பற்றி அவரே தொடங்கினால் ஒழிய யாரும் கேட்க வேண்டாம். அது அவர்களுடைய உடலில் இருக்கும் காயம். நம் வகுப்புக்கான பாடப்பொருளாக அதை அவர்கள் தர வேண்டிய கட்டாயம் இல்லை. மொழியைப் பற்றிக் கேட்கலாம். சஸ்காட்செவனைச் சேர்ந்த ஃப்ரெடா அஹெனாகியூ என்ற க்ரீ மொழியியலாளர், பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தாயானபின் படிப்பைத் தொடர்ந்து, மூத்த பெண்கள் சொன்ன வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்து க்ரீ மொழியிலேயே அச்சுக்குக் கொண்டுவந்தவர். அவரைப் போன்றோரின் உழைப்பால்தான் இன்று க்ரீ கற்பிக்க ஆசிரியர்கள் கையில் ஏதோ இருக்கிறது. மஸ்குவாச்சீஸின் நான்கு முதற்குடிகளும் 2018இல் தங்கள் பள்ளிகளை ஒரே கல்வி ஆணையத்தின் கீழ்க் கொண்டுவந்து தாங்களே நடத்துகிறார்கள். வாரம் ஒரு நாள் தமிழ் படிக்க வரும் உங்கள் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிக் கேட்கச் சொந்தமாகவே நிறையக் கேள்விகள் இருக்கும்.

செப்டம்பர் 30ஐ ஒட்டிய வாரத்தில் எல்லாப் பள்ளிகளும் அலுவலகங்களும் மூத்தவர்களை அழைக்கும். ஒரே நாளில் மூன்று இடங்களுக்குச் சென்று களைத்துப்போகிறார்கள். நவம்பரிலோ பிப்ரவரியிலோ அழைத்தால் அவருக்கும் எளிது, உங்களுக்கும் நிறைய நேரம் கிடைக்கும்.